மீன் தூளுக்கு அபாயச் சரக்குத் தாள் தேவையில்லையா?

"மீன் தூள் வெறும் தீவனம். இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் போதும், தூத்துக்குடியில் கப்பல் ஏறிவிடும்." மண்டபம், பாம்பன் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தக் குரல்பதிவு தவறு.

மீன் தூளில் உள்ள எண்ணெய் காற்றுபட்டுச் சூடேறும். மூட்டைகளை நெருக்கி அடுக்கினால் சூடு வெளியேறாமல் தானே தீப்பிடிக்கலாம். அதனால்தான் கடல்வழி அபாயச் சரக்குகளுக்கான சர்வதேச விதித்தொகுப்பான ஐ.எம்.டி.ஜி.யில் அதற்குத் தனி இடம்.

அபாயச் சரக்குத் தாளில் யு.என். 2216, ஃபிஷ் மீல் ஸ்டெபிலைஸ்டு, வகுப்பு 9, பேக்கிங் குரூப் 3 என்று இதே வரிசையில், இடையே வேறெதுவும் நுழையாமல் எழுத வேண்டும். யு.என். 2216 என்பது இந்தச் சரக்குக்கான ஐ.நா. எண்; ஸ்டெபிலைஸ்டு என்றால் ஆன்டிஆக்சிடன்ட் (எண்ணெய் காற்றுபட்டுச் சூடேறுவதைத் தடுக்கும் பொருள்) கலந்தது; வகுப்பு 9 என்றால் இதர அபாயப் பொருட்கள்; பேக்கிங் குரூப் 3 என்றால் குறைந்த அபாயம். பிறகு மூட்டை எண்ணிக்கை, மொத்த எடை, அனுப்புநரின் கையொப்பமிட்ட உறுதிமொழி. ஆன்டிஆக்சிடன்ட் கலக்காத தூள் என்றால் கதையே வேறு: யு.என். 1374, வகுப்பு 4.2, அதாவது தானே தீப்பற்றக்கூடிய பொருள். 'மீன் தீவனம்' என்று பொதுப்பெயர் போட்டால் செல்லாது.

கூடவே ஈரப்பதம், கொழுப்பு, ஆன்டிஆக்சிடன்ட் அளவு, தயாரித்த தேதி, ஆலையிலிருந்து கிளம்பியபோதிருந்த வெப்பநிலை ஆகியவற்றைக் காட்டும் சான்றிதழும் வேண்டும்.

ஏற்றும்போது தூளின் வெப்பம் 35 டிகிரி, அல்லது வெளிவெப்பத்தைவிட 5 டிகிரி கூடுதல், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டக்கூடாது. வெளியே 33 என்றால் வரம்பு 38. சித்திரை வெயிலில் தார்ப்பாய்க்கடியில் நிற்கும் லாரிச் சரக்கு இதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.