கரண்ட் போகிற ஊரில் மீன்தொட்டி

ரங்கூனில் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி "எந்த மீன் அழகு?" என்பதுதான். அழகெல்லாம் அப்புறம் பார்க்கலாம். நாலு மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தால் எந்த ஃபில்டர் தாங்கும், எந்த மீன் தாங்கும் என்று முதலில் கேளுங்கள் என்பது என் கட்சி. பதிவு நீளமாகத்தான் இருக்கும், இன்பாக்ஸில் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது.

கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பது பெரும்பாலும் கேனிஸ்டர் ஃபில்டரை. தொட்டிக்கு வெளியே, கீழே அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கும் மூடிய டப்பா, பார்க்கவே கம்பீரமாக இருக்கும். கரண்ட் நிற்காத ஊரில் அது நல்ல சாமான், நான் மறுக்கவில்லை. இங்கே என்ன ஆகிறது? மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியா ஆகும். அதை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது அவ்வளவாகக் கெடுதல் இல்லை. இந்த வேலையைச் செய்கிற நுண்ணுயிர்கள் ஃபில்டருக்குள் பஞ்சில்தான் குடியிருக்கின்றன, அதுகளுக்கும் மூச்சு வேண்டும். மோட்டார் நின்றதும் மூடிய டப்பாவுக்குள் இருக்கிற ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் அதுகளே தீர்த்துவிட்டுச் சாகத் தொடங்கும். அப்புறம் "மீ லா பீ!" (கரண்ட் வந்துவிட்டது) என்று தெருவே கத்துகிற நேரத்தில் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்து, டப்பாவுக்குள் அழுகிக் கிடந்த தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் கொட்டும். மறுநாள் மீன் மிதந்தால் கண் பட்டுவிட்டது என்கிறோம்.

அதனால் சின்னத் தொட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும் என்கிறேன். போதும் என்ன, அதுதான் சரி. ஒரு துண்டு பஞ்சு, நடுவில் குழாய், மேலே ஏர் பம்ப், அவ்வளவே. பஞ்சு தொட்டித் தண்ணீருக்குள்ளேயே திறந்து கிடப்பதால் காற்று நின்றாலும் நுண்ணுயிர்கள் உடனே மூச்சுத் திணறிச் சாவதில்லை. ஏர் பம்ப் குடிப்பது சில வாட் மட்டுமே, லைட்டுக்கும் ஃபேனுக்கும் வீட்டில் ஏற்கெனவே பேட்டரி வைத்திருப்பீர்கள், அதிலேயே ஒரு வயரை இழுத்துவிடலாம். யுஎஸ்பி-யில் ஓடுகிற குட்டி பம்பும் கிடைக்கிறது, பவர் பேங்க் ஒன்று இருந்தால் ராத்திரிக் கவலை தீர்ந்தது.

இதில் யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம். பம்ப்பைத் தொட்டிக்குக் கீழே தரையில் வைத்தால், கரண்ட் போனதும் மெல்லிய காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி ஏறி, வளைவைத் தாண்டி, பம்ப்புக்குள் இறங்கி, அங்கிருந்து தரைக்கும் கீழ்வீட்டுக்காரர் கூரைக்கும் போகும். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஆணியில் மாட்டுங்கள், இல்லையென்றால் குழாயின் நடுவில் ஒருவழி வால்வு ஒன்றைச் செருகுங்கள், விரல் நகம் அளவுதான் இருக்கும், விலையும் பெரிதில்லை. பஞ்சைக் கழுவும்போது குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றி, அதிலேயே நாலு பிழி பிழிந்தால் டீ நிறத்தில் அழுக்கு இறங்கும், போதும். வெள்ளை வெளேர் என்று ஆக்க நினைத்தால் குளோரின் தண்ணீர் உங்கள் நுண்ணுயிர்க் கூட்டத்தையும் சேர்த்துக் கழுவிவிடும்.

தொட்டி அளவு 60 × 30 × 30 சென்டிமீட்டர் எடுங்கள், விளிம்புவரை நிரப்பினால் 54 லிட்டர். அதற்குக் கீழே போகாதீர்கள், கண்ணாடிக் கிண்ணம் பக்கமே போகாதீர்கள். தண்ணீர் குறையக் குறைய சூடும் அழுக்கும் சட்டென்று ஏறும். கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்ந்தால் 70 கிலோ தாண்டிவிடும். நகரத்தின் நடுவில் பழைய கட்டடத்தில் மரத்தளம் போட்ட மாடியில் இருப்பவர்கள் சுவரை ஒட்டி, உத்தரம் ஓடுகிற பக்கமாக வையுங்கள். லிஃப்ட் இல்லாத ஆறாம் மாடிக்காரர்களே, மணலைக் கயிற்றில் பை கட்டி இழுத்துக்கொள்ளலாம், கண்ணாடியை இழுக்காதீர்கள்.

தண்ணீர்? கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை வந்தால் வாளியில் பிடித்து ஒரு நாள் காற்று ஓட்டுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீரில் இரும்பு இருந்தால் அதற்கும் அதே வைத்தியம், காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகி அடியில் படியும், மேல் தண்ணீரை மட்டும் மொண்டு ஊற்றலாம். நுண்ணுயிர்க் கூட்டம் சேர நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இன்று தொட்டி, இன்றே இருபது மீன் என்று வாங்கி வருகிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. நண்பர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு பழைய பஞ்சுத் துண்டைக் கேட்டு வாங்கிப் போட்டால் காத்திருக்கும் நாள் குறையும். கூடவே கசூன் கீரைத் (வள்ளைக் கீரை) தண்டு நாலைச் சந்தையில் வாங்கி, வேர் தண்ணீருக்குள் இருக்கும்படி விளிம்பில் செருகுங்கள். நைட்ரேட்டை உறிஞ்சிக்கொண்டு கொழுகொழு என்று வளரும்.

இனி மீன். இதில்தான் எனக்குக் கோபமே. பர்மாவின் ஷான் மலை மாநிலத்தில் ஹோபோங் பக்கத்துக் குட்டைகளில் 2006-ல் ஒரு குட்டி மீன் கிடைத்தது. நீலக் கறுப்பு உடம்பில் முத்துப் புள்ளி, சிவப்புத் துடுப்பு, ஒரு அங்குலம்கூட வராது. 2007-ல் மீன் ஆய்வாளர் டைசன் ராபர்ட்ஸ் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார், இன்று டேனியோ மார்கரிட்டேட்டஸ் என்கிறார்கள். உலகமே "கேலக்ஸி" என்று கொண்டாடி, ஆரம்பத்தில் வாரிக்கொண்டு போனதில் அழிந்தே போகுமோ என்று பயந்தார்கள். நல்லவேளையாக வேறு இடங்களிலும் அது இருப்பது தெரிந்தது, தொட்டியில் எளிதாகக் குஞ்சும் பொரித்தது. இப்படி ஒரு மீன் பிறந்த நாட்டில் நம் ஆட்கள் வீட்டுக்கு வீடு தங்கமீன் வைத்திருக்கிறார்கள். தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் மீன், ஏகமாகத் தின்று ஏகமாகக் கழிக்கும், ரங்கூன் சித்திரை வெயிலில் 54 லிட்டருக்குள் அதை அடைப்பது பாவம்.

ஆனால் கேலக்ஸியையும் ரங்கூன்காரர்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். அது 1000 மீட்டருக்கு மேலே குளிர்ந்த ஊற்றுத் தண்ணீரில் வாழ்ந்த மீன். இன்லே ஏரியின் சாப்வா மீனும் அப்படித்தான். ஷான் மலை ஊர்களான தவுஞ்சியிலும் கலோவிலும் இருக்கிற நம் சொந்தங்கள் தாராளமாக வைக்கலாம், பொறாமையாக இருக்கிறது. நமக்குக் கீழ்நாட்டுச் சமவெளி மீன் வேண்டும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். வெயில் ஏறுகிற நேரத்திலேயே பம்ப்பும் நின்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் தேர்வு தடித்த உதட்டு கௌராமி. ஐராவதிப் படுகையின் சொந்த மீன், மீன் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே 1877-ல் விவரித்தது. செவுளுக்கு மேல் தனி மூச்சுறுப்பு இருப்பதால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து வாயால் காற்றைக் கவ்விக்கொண்டு இறங்கிவிடும். கரண்ட் போனால் அதற்கென்ன! ஒரு ஆண், இரண்டு பெண் போதும், இரண்டு ஆண் வைத்தால் சண்டை. ஆண் மீன் எச்சில் நுரையால் மேலே கூடு கட்டி, முட்டை நழுவி விழுந்தால் வாயில் கவ்விக் கொண்டுவந்து திரும்ப ஒட்டும். அதைப் பார்க்க ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். துணைக்கு ஆறு முத்து டேனியோ. அதுவும் நம் நாட்டு மீன்தான், தெற்கே தெனாசெரிம் பக்கத்தது, 1860-லேயே விலங்கியலாளர் பிளைத் எழுதிவைத்தது. துள்ளும், மூடி கட்டாயம். மூடியில் கொசுவலை கட்டினால் காற்றும் போகும், தண்ணீர் கொஞ்சம் குளிரும்.

கரண்ட் இல்லாத நேரத்தில் தீனி போடாதீர்கள். மீன் ஒரு வேளை பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது.

அரோவானாதான் வேணும், அதுதான் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று அடம்பிடிக்கும் மாமாக்களுக்கு ஒரு வார்த்தை. அதிலும் நம் நாட்டுக்கென்று ஒன்று உண்டு, தெனாசெரிம் ஆற்றுப் படுகையிலிருந்து அதே ராபர்ட்ஸ் 2012-ல் விவரித்தது, முகத்தில் கிறுக்கல் கோலம் போட்ட மாதிரி இருக்கும். அரோவானா இரண்டடிக்கு மேல் வளரும், நான் சொன்ன தொட்டியில் திரும்பக்கூட முடியாது. அதற்கு எத்தனை அடித் தொட்டி, எத்தனை பேட்டரி என்று மாமாக்களே விசாரித்துவிட்டு வரட்டும், பிறகு பேசலாம்.