கடை ஊழியர் உட்காருவது சலுகை அல்ல, சட்டம்

துணிக்கடை, நகைக்கடை ஊழியர்கள் வேலை நேரத்தில் உட்கார எந்தச் சட்டமும் இடம் தரவில்லை, அது முதலாளி பார்த்துத் தருகிற சலுகைதான் என்று ஒரு கருத்து பகிரப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அது சரியல்ல.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் ஒரு திருத்தம் வந்தது. அதில் சேர்ந்த 22-ஏ பிரிவு, எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம், நாள் முழுக்க நின்றே இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். கேரளம் இதை 2018லேயே கொண்டுவந்துவிட்டது.

வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போதும் உட்கார்ந்தே இருக்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆள் வராத நேரத்திலும் சுவரில் சாயக்கூட விடாமல் நிற்கவைப்பதைத் தடுக்கத்தான் இந்தப் பிரிவே வந்தது. காலையிலிருந்து இரவு வரை நின்று கால் வீங்கிப் போகிற பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

என் பேச்சை நம்ப வேண்டாம். மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் சட்டத்தின் பெயரைத் தேடி, 22-ஏ பிரிவை நீங்களே வாசித்துப் பாருங்கள். இருக்கை போடாத கடை பற்றி உங்கள் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் தரலாம்.