இரண்டு பாறை, கொஞ்சம் புகை, ஒரு கண்ணாடி

இயக்குநர் மரியோ பாவாவின் 'டெர்ரோரே நெல்லோ ஸ்பாட்சியோ' (1965) படத்தை "காசில்லாத இத்தாலிக்காரன் எடுத்த விண்வெளிப் படம், சிரிச்சுக்கிட்டே பார்க்கலாம்" என்று சிபாரிசு செய்பவர்களோடு எனக்குத் தீராத வழக்கு. அமெரிக்காவில் வைத்த 'பிளானட் ஆஃப் தி வேம்பயர்ஸ்' என்ற பெயர் வேறு மானத்தை வாங்குகிறது. தேடிப் பார்த்தாலும் ரத்தக்காட்டேரி ஒன்றுகூடக் கிடையாது. ஆவுரா என்ற கிரகத்திலிருந்து வரும் சிக்னலை நம்பி இரண்டு கப்பல்கள் இறங்குகின்றன. செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள், உள்ளே இருப்பது வேறு யாரோ. கதை இவ்வளவுதான்.

அந்தக் கிரகத்துக்குப் பாவாவிடம் இருந்த முதலீடு, ஏதோ புராணப் படத்தில் மிஞ்சிய 2 பிளாஸ்டிக் பாறைகள். அவரே சொன்ன கணக்கு இது. மிச்சத்தை மறைத்தது புகை, பெருக்கியது கண்ணாடி.

இந்தக் கண்ணாடி வித்தைக்கு ஷுஃப்டான் முறை என்று பெயர், ஜெர்மன்காரர் கண்டுபிடித்தது. கேமராவுக்கு முன்னால் 45 டிகிரி சாய்வில் கண்ணாடி. பக்கவாட்டில் மலையின் சின்ன மாடல். நடிகர் நிற்கிற இடம் எதுவோ அந்த அளவுக்கு மட்டும் கண்ணாடியின் ரசத்தைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். சுரண்டிய ஓட்டை வழியாக நடிகர் தெரிவார், மற்ற இடமெல்லாம் மாடலின் பிம்பம். நடிகர் அரையடி தள்ளிப் போனால் தோள்பட்டை மலைக்குள் மறைந்துவிடும். அதைவிடப் பெரிய தலைவலி ஃபோகஸ். மாடல் கிட்டே, ஆள் தூரத்தில். இரண்டும் கூர்மையாக வர அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, சுருக்கணும், அதற்கு ஈடாக லைட்டை ஏற்றணும். லைட்டைக் கூட்டினால் மாடலின் பிளாஸ்டிக் பளபளப்பு காட்டிக் கொடுத்துவிடும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? ஃபிலிமை லேபில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றினால் ஒவ்வொரு பிரதிக்கும் கிரெயின் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) கூடும், நிறம் மங்கும். கேமராவுக்குள்ளேயே முடித்தால் அது முதல் நெகட்டிவ். அந்தச் சிவப்பும் பச்சையும் இன்றும் அப்படிக் கொப்பளிப்பதற்கு இது ஒரு காரணம்.

நிறம்தான் பாவாவின் கைவரிசை. ஒரே பாறைக்கு இடப்பக்கம் லைட்டின் முன்னால் ஊதா ஜெலட்டின் தாள், பின்னால் பச்சை; அடுத்த ஷாட்டில் மாற்றிப் போட்டால் வேறு ஊர். தரையோடு படிகிற புகைக்குப் பழைய வழி டிரை ஐஸும் வெந்நீரும். குளிர்ந்த கரியமில வாயு காற்றைவிடக் கனம், அதனால் கணுக்காலில் நிற்கும். யாராவது ஃபேன் போட்டால் போச்சு, வெறும் ஸ்டூடியோ தரை பல்லிளிக்கும். மூடிய தளத்தில் குனிந்து கிடப்பவருக்கு மூச்சும் முட்டும், அது தனி ஆபத்து.

புதைத்தவர்கள் எழும் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக்கொண்டு, புகைக்குள்ளிருந்து மெதுவாக நிமிர்கிறார்கள். கறுப்புத் தோல் உடுப்பு, கழுத்தை மறைக்கும் காலர். பொம்மையும் இல்லை, மாடலும் இல்லை. வெறும் வேகமும் வெளிச்சமும்.

குறை இல்லாமல் இல்லை. நடிகர்கள் அவரவர் தாய்மொழியில் பேசிப் பிறகு டப்பிங் செய்த படம். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். விண்கல்லைத் தள்ளிவிடும் 'மீட்டியர் ரிஜெக்டர்' கருவி பற்றிய விவாதம் நடு ராத்திரியில் கொட்டாவி வரவழைக்கும். கப்பலின் கட்டுப்பாட்டு அறையோ கல்யாண மண்டபம் மாதிரி காலியாகக் கிடக்கிறது. அந்த வெறுமையையும் சேர்த்துத்தான் பயம் என்பேன் நான்.

பூத எலும்புக்கூடு கிடக்கும் பாழடைந்த கப்பல் காட்சியை 1979-இல் வந்த 'ஏலியன்' படத்தோடு ஒப்பிடுவது வழக்கம். ஒப்பிடுங்கள். ஆனால் அந்த எலும்புக்கூட்டின் பிரமாண்டம் எப்படி வந்தது என்பதையும் கவனியுங்கள்: பக்கத்தில் இரண்டு பேரைச் சின்னதாக நிறுத்தியதில்.