கிட்டாருக்கும் மேளம் கட்டணும்

குறுவை நெல் போட்ட பணம் கைக்கு வந்த வாரம், எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையன் கல்லூரியில் முதலாம் ஆண்டு. எலக்ட்ரிக் கிட்டார் வேண்டும் என்று ஆறு மாதமாக நச்சரிக்கிறானாம். "தம்பி, இருபதாயிரம் ஒதுக்கிட்டேன். அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. கச்சேரி கச்சேரியாப் போனவன் நீ, எதை வாங்கலாம்னு சொல்லு" என்றார். பையன் செல்போனை நீட்டினான். திரையில் கருநீலத்தில் பளபளவென்று ஒரு கிட்டார். விலை பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.

"இதுதான் சித்தப்பா."

"சரி. ஆம்ப்? சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி?"

"அது அப்புறமா வாங்கிக்கலாம்."

"கேபிள்?"

பதில் இல்லை.

அன்றைக்கு அவர்களிடம் ரெண்டு மணி நேரம் பேசினேன். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் அதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் பெரிய வித்வான் இல்லை. கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் மெல்லிசைக் குழுவில் பதினோரு வருஷம் ரிதம் கிட்டார் வாசித்தவன், அவ்வளவுதான். ஆனால் தப்பான கிட்டார் வாங்குவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

முதலில் ஒரு பழைய சண்டையை முடித்துவிடுகிறேன். "முதல்ல அக்கூஸ்டிக்கில் கத்துக்கோ, விரல் காய்ச்சுப்போகட்டும், அப்புறம் எலக்ட்ரிக்" என்று சொல்லாத ஆள் நம் பக்கத்தில் இல்லை. எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. கடையில் வரும் அக்கூஸ்டிக்கில், அதாவது கரண்டு வேண்டாத மரக் கிட்டாரில், பெரும்பாலும் பன்னிரண்டு கேஜ் கம்பி. எண் கூடினால் தடிமன் கூடும். எலக்ட்ரிக்கில் ஒன்பது அல்லது பத்து. ஒன்பதில் விரல் வைத்தால் வெண்ணெய் மாதிரி அழுந்தும். கழுத்தும் ஒல்லி. மட்டமான அக்கூஸ்டிக்கோடு மல்லுக்கட்டி, ஒரே விரலால் பல தந்தியை அழுத்த வேண்டிய எஃப் கார்டைப் பிடிக்க முடியாமல் மூன்றாம் மாதமே அதைப் பரண் மேல் ஏற்றிய பையன்களை எனக்குத் தெரியும். எந்தக் கிட்டாரின் பாட்டைக் கேட்டு ஆசை வந்ததோ அதையே வாங்குங்கள். இன்னொரு லாபம், ஆம்ப் போடாமல் வாசித்தால் அடுத்த அறையில் தூங்கும் பாட்டிகூட எழுந்திருக்க மாட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

தஞ்சாவூரில் வீணை செய்யும் இடத்தை ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். பலா மரத்தைக் குடைந்து, குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் முடித்து, கடைசியில்தான் மேளம் கட்டுவார்கள். மெழுகில் கரித்தூள் கலந்து தண்டியின் மேல் இரண்டு வரிசையாகப் பூசி, தந்தியை அழுத்தும் இடங்களில் வரும் இருபத்துநாலு உலோக மெட்டையும் ஒவ்வொன்றாகச் சுருதி கேட்டுக் கேட்டுப் பதிப்பார்கள். மெழுகு வெயிலில் இளகும், மெட்டு நகரும். சில வருஷம் போனால் திரும்பக் கட்ட வேண்டியதுதான். வீணை வாசிக்கும் வீட்டில் இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. கருவி என்றால் அப்படித்தான்.

அதே வீட்டுப் பையன் அட்டைப்பெட்டியில் வந்த கிட்டாரைப் பிரித்த கையோடு வாசிக்கத் தொடங்கி, சுருதி சேரவில்லை என்றதும் "எனக்கு ஞானம் இல்லை போல" என்று விட்டுவிடுகிறான். தம்பி, உனக்கு ஞானம் இருக்கிறது. உன் கிட்டாருக்கு யாரும் மேளம் கட்டவில்லை.

கிட்டாரில் மெட்டுக்குப் பெயர் ஃப்ரெட். அது நகராது, உலோகத்தை மரத்தில் அடித்து இறக்கியிருப்பார்கள். அதனால் சுருதித் திருத்தமெல்லாம் மற்ற இடங்களில் நடக்கும். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி, உடம்புப் பக்கம் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் இருக்கும் சேடில் என்ற சின்னத் தாங்கி, தலைப்பக்கம் நட் என்கிற சின்னத் துண்டு. இந்த மூன்றையும் சரி பார்ப்பதற்குப் பெயர்தான் செட்டப். பத்தாயிரம் ரூபாய்க் கிட்டாரை நல்ல செட்டப்போடு வாசித்தால், செட்டப் இல்லாத இருபத்தைந்தாயிரம் ரூபாய்க் கிட்டார் பக்கத்தில் நிற்காது. இது என் அபிப்பிராயம்தான், ஆனால் இதை மாற்றிக்கொள்ள எனக்கு இதுவரை காரணம் கிடைக்கவில்லை.

கடையிலோ, பழைய கிட்டார் விற்பவர் வீட்டிலோ, கையில் எடுத்ததும் நான் பார்ப்பது இவற்றைத்தான். தலைப்பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் கழுத்து நெடுகப் பார்ப்பேன், பலகை வாங்கும் ஆசாரி பார்க்கிற மாதிரி. முறுக்கிக்கொண்டிருந்தால் அப்படியே கீழே வைத்துவிடலாம், அதற்கு வைத்தியம் இல்லை. அப்புறம் தடித்த ஆறாவது தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், நடுவில் ஏழு எட்டாம் ஃப்ரெட் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். விரலே நுழைகிறது என்றால் கழுத்து வில்லாக வளைந்திருக்கிறது. அது ட்ரஸ் ராடில் சரியாகும், பயப்பட வேண்டாம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் ரெண்டு மில்லிமீட்டர் இருந்தால் சுகம். மூன்றுக்கு மேல் போனால் விரல் வலிக்கும், அழுத்தும்போது ஸ்வரமும் ஏறிப்போகும்.

முக்கியமான சோதனை இன்னொன்று. ஃபெண்டர் கம்பெனியின் பிரபலமான ஸ்ட்ராட் வகைக் கிட்டாரில் தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர். அதில் சரிபாதிதான் பன்னிரண்டாம் ஃப்ரெட். அங்கே விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் மணி மாதிரி ஒரு ஓசை வரும். அதே இடத்தில் அழுத்தியும் மீட்டுங்கள். செல்போனில் ட்யூனர் செயலி போதும். ரெண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறிக் கேட்டால் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறங்கினால் முன்னால். ஸ்க்ரூ டிரைவர் வேலை, அரை மணி நேரம். மேளம் கட்டுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

ஃப்ரெட் ஓரங்களை வேட்டித் தலைப்பால் நெடுக ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் நாளைக்கு உங்கள் கைத்தோலும் அங்கேதான் மாட்டும். எல்லா ஃப்ரெட்டிலும் எல்லாத் தந்தியையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

நம் பக்கத்து ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீதம் ஈரப்பதம் என்று மீட்டரை வைத்துக்கொண்டு நம்மைப் படுத்துகிற பாட்டை அண்ணனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கருவி செய்யும் மரத்தை அதைவிட வெகுவாக உலர்த்தித்தான் வேலையை ஆரம்பிப்பார்கள். அந்த மரம் ஐப்பசி கார்த்திகையில் நம் வீட்டுக்குள் வந்தால் ஈரத்தைக் குடிக்கும், சித்திரை வெயிலில் கக்கும். கழுத்து அசையத்தான் செய்யும். வருஷத்துக்கு ரெண்டு தடவை ட்ரஸ் ராடைப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு தடவைக்குக் கால் திருப்புக்கு மேல் திருகாதீர்கள், திருகிவிட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று வேறு. வாசித்து முடித்ததும் தந்தியைத் துணியால் துடைக்காவிட்டால் மாதக் கணக்கில் இல்லை, வாரக் கணக்கில் துரு.

தந்தியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் பிக்கப் பற்றி பையன் நிறைய கேட்டான். அதை அவன் அப்பாவிடம் விளக்குவது சுலபமாக இருந்தது. போர்செட்டு மோட்டாரில் காயில் கட்டுகிறோமே, அதே செப்புக் கம்பிதான், முடியை விட மெல்லியதாக, ஆயிரக்கணக்கான சுற்று, நடுவில் காந்தம். மேலே இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் ஆடி, காயிலில் கொஞ்சூண்டு மின்சாரம் பிறக்கிறது. ஒற்றைக் காயில் பிக்கப்புக்கு ஒரு வியாதி உண்டு. சுற்றியிருக்கும் கரண்டின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். ஃபேன் ரெகுலேட்டர், டியூப்லைட் சோக் எல்லாம் ஆம்பில் "ம்ம்ம்" என்று பாடும். ரெண்டு காயிலை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலைக் கழித்துவிடுவதுதான் ஹம்பக்கர். 1955ல் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்ற பொறியாளர் செய்த வேலை. முதல் கிட்டாரில் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், மற்ற ரெண்டும் ஒற்றைக் காயில் என்று இருந்தால் மெலடியும் வாசிக்கலாம், கர்ஜிக்கவும் செய்யலாம். யமஹா பசிபிகா 012 அப்படிப்பட்டதுதான். ஐபனெஸின் ஜியோ வரிசை, கோர்ட், ஃபெண்டரின் மலிவு வகையான ஸ்கொயர், இவற்றில் எதை எடுத்தாலும் மோசம் போக மாட்டீர்கள். ரெண்டு பக்கமும் ஆடும் ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விட்டுவிடும்.

"நம்ம சங்கீதத்துக்கு இது ஒத்து வருமா?" என்று அண்ணன் நடுவில் கேட்டார். மாண்டலின் சீனிவாஸ் வாசித்தது ஐந்து தந்தி எலக்ட்ரிக் மாண்டலின்தானே, அதில் வராத கமகமா என்றேன். தலையாட்டினார்.

இனி, நான் அடித்துச் சொல்லும் விஷயம். எர்த். கிட்டார் தந்தி ஒவ்வொன்றும் பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக, ஆம்பின் உடம்போடு இணைந்திருக்கிறது. ஆம்பில் கசிவு இருந்து, வீட்டில் எர்த் இல்லாவிட்டால், அந்தக் கரண்டு தந்திக்கு வரும். ஒரு ஊர்த் திருவிழாவில் ஆம்ப் ஜெனரேட்டரில், மைக் செட் வேறு லைனில். இடைவேளைக்கு முன் ஹம்மிங் கொடுக்க மைக்கில் உதட்டை வைத்தேன். பல்லில் சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. இடது கை தந்தியை விட மறுத்தது. டிரம்ஸ் வாசித்தவர் கேபிளைப் பிடுங்கினார். அதற்கப்புறம் டெஸ்டர் இல்லாமல் நான் மேடை ஏறியதில்லை. நம் பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. கரியும் உப்பும் போட்டு எர்த் குழி வெட்டாமல் ஆம்ப் வாங்காதீர்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

எர்த் வசதி இப்போதைக்கு இல்லையா, கிட்டாரிலேயே சொருகும் பேட்டரி ஹெட்போன் ஆம்ப் வாங்கிக்கொள்ளலாம். கரண்டு போனாலும் வாசிக்கலாம். ஹோம் தியேட்டரில் நேராகச் சொருகுவது மட்டும் வேண்டாம். பிக்கப்புக்கும் அதற்கும் பொருந்தாது, தகர டப்பா மாதிரி கேட்கும். கிட்டார், ஆம்ப், பை, கேபிள் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் வரும் ஸ்டார்ட்டர் பேக்கிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அதில் உருப்படியாக இருப்பது பெரும்பாலும் பை ஒன்றுதான்.

அண்ணனின் இருபதாயிரத்தை நான் பிரித்தது இப்படி: கிட்டாருக்குப் பன்னிரண்டு, ஆம்புக்கு ஐந்து, செட்டப்புக்கு ஆயிரத்து ஐந்நூறு, மிச்சம் கேபிள், தந்தி, வார். பன்னிரண்டுக்குள் நான் சொன்ன கம்பெனிகளில் புதுசு கிடைப்பது கஷ்டம், பழசு கிடைக்கும். கொரோனா ஊரடங்கு நேரத்தில் ஆசையாக வாங்கி, சுவரில் மாட்டி வைத்திருப்பவர்கள் திருச்சியிலும் சென்னையிலும் நிறைய பேர். பையனுக்கு முகம் வாடிவிட்டது. கருநீலம் போச்சே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் திருச்சிக்குப் போனோம். நாலு வீடு ஏறி இறங்கினோம். மூன்றாவது வீட்டில் ஒரு பசிபிகா, சிவப்பு, அடிப்பக்கம் பெயின்ட் பெயர்ந்தது. கழுத்து நேராக இருந்தது. பதினோராயிரத்துக்குப் பேசி முடித்தோம். அண்ணன் தன் பங்குக்கு ஐந்நூறு குறைத்துப் பார்த்தார், நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து புதுத் தந்தி போட்டு, சேடிலை நகர்த்தி, பன்னிரண்டாம் ஃப்ரெட்டை ஆறு தந்தியிலும் சேர்த்துக் கொடுத்தேன். செட்டப் பணம் மிச்சம் என்று அண்ணனுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அந்தக் காசு எர்த் குழிக்குப் போனது.

நேற்று பையன் போன் செய்தான். ஒல்லித் தந்தி அறுந்துவிட்டதாம், இங்கே எந்தக் கடையிலும் தனியாகக் கிடைக்கவில்லையாம். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். செட் வாங்கும்போதே முதல் தந்தி மட்டும் தனியாக நாலு வாங்கி வையுங்கள்.