எல்-1னு யார் சொன்னது?

அரசு டெண்டரில் கழிக்கப்பட்ட கான்ட்ராக்டர் ஒருத்தர் போட்ட அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம், பார்த்தாச்சு. "குறைஞ்ச விலை போட்டது நான்தான், கழட்டி விட்டுட்டாங்க, ஊழல்!" அது ரெண்டு கவர் டெண்டர் சார். தகுதிச் சான்றுகள் வைக்கிற டெக்னிக்கல் கவரில் விழுந்தவரோட பிரைஸ் கவரைத் திறக்கவே மாட்டாங்க. திறக்காத கவரை வெச்சு நீங்கதான் எல்-1, அதாவது குறைஞ்ச விலை போட்டவர்னு யார் சொன்னது?

டெண்டர் ஆவணத்தை முழுசாப் படிங்க. இதை எத்தனை தடவைதான் எழுதுறது? கேட்டது வேலை முடிச்ச சான்று, அவர் வெச்சது ஒர்க் ஆர்டர். வேலை கிடைச்சதும் வேலையை முடிச்சதும் ஒண்ணா? இவராவது பரவாயில்லை. டெண்டர் போர்ட்டலில் இறக்கின பி.ஓ.க்யூ (வேலை அளவும் ரேட்டும் போடுற பட்டியல்) எக்செல்லில் ரேட் கட்டத்தோட நிக்காம மத்ததையும் திருத்தி, ஃபைல் பேரையும் மாத்தி ஏத்துறவங்க இருக்காங்க. நேரா ரிஜெக்ட். எல்லாம் ஏத்திட்டு, கடைசியா சமர்ப்பிச்சு உறுதி செய்ற 'ஃப்ரீஸ்' பண்ணாமப் போறவங்களும் உண்டு; பண்ணலைன்னா டெண்டரே போடலைன்னுதான் கணக்கு. கடைசி நேரத்தில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மக்கர் பண்ணினா உங்க கைக்கடிகாரத்தைக் காட்டிப் பிரயோஜனமில்லை, சர்வர் நேரம்தான் நேரம்.

"ஒரு காகிதத்துக்காகவா?" ஆமா, அந்த ஒரு காகிதத்துக்காகத்தான். உங்களுக்கு மட்டும் பிறகு வாங்கிக்கிட்டா, ஒழுங்கா வெச்சவங்க சும்மா இருப்பாங்களா?

"அதிகாரிக்கு வக்காலத்தா?"ன்னு கமெண்ட் வரும். வரட்டும். அதிகாரியைக் கேட்க வேண்டிய கேள்வியை ஒருத்தரும் கேட்கலையேங்கறதுதான் என் வயித்தெரிச்சல். தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகள் 2000 என்ன சொல்லுது? டெண்டர் போட 2 கோடி வரைக்கும் குறைஞ்சது 15 நாள், அதுக்கு மேல 30 நாள் அவகாசம். குறைக்கணும்னா டெண்டர் விடுறவருக்கு மேல இருக்கிற அதிகாரி காரணத்தை எழுதி வெச்சு ஒப்புதல் தரணும். இந்த வேலை 2 கோடிக்கு மேல. அறிவிப்பில் தேதி இருக்கு, நீங்களே எண்ணிப் பாருங்க, 30 வராது. இந்த அவகாசத்தில் ஒரு சின்ன கான்ட்ராக்டர் எந்த ஆபீஸ்ல போய் முடிப்புச் சான்று வாங்குவார்? சான்றைத் தயாரா ஃபைலில் வெச்சிருக்கிற அதே நாலு பேர் போடுவாங்க. "அவசரப் பணி"யாம். வருஷா வருஷம் அதே மாசத்தில் வர்ற அவசரம்!

இதையெல்லாம் விட்டுட்டு வீடியோ. தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ன் பிரிவு 11 மேல்முறையீட்டு உரிமை கொடுக்குது: உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து 10 நாளுக்குள் அரசுக்கு. அவகாசத்தைக் குறைச்சது யார், என்ன காரணம்னு அந்தக் கோப்புக் குறிப்பை ஆர்.டி.ஐ.யிலும் கேளுங்க. ஆனா ஆர்.டி.ஐ. பதிலுக்கு 30 நாள் வரை ஆகும், அதுக்குக் காத்திருந்தா இந்த 10 நாள் போயிடும். மேல்முறையீட்டை முதல்ல போடுங்க.