விக் வைத்துப் பாடினாலும் பாட்டு பாட்டுதானே

ஹிப்பிகளைப் பற்றிய அமெரிக்க இசை நாடகமான 'ஹேர்' (முடி) பாடல்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் ஃபிப்த் டைமென்ஷன் பாட்டுக் குழுவுக்கு நாலு பத்தி, கவுசில்ஸ் குழுவுக்கு ஒரே வரி. அதுவும் "பால் விளம்பரக் குடும்பத்துக்கு அடித்த அதிர்ஷ்டம்" என்று! அநியாயம் சார்.

அண்ணன் தம்பிகள், ஒரு தங்கை, கூடவே அம்மா பார்பராவும் சேர்ந்து பாடிய ரோட் ஐலண்ட் குடும்பம் அது. நகைச்சுவைக் கலைஞர் கார்ல் ரெய்னரின் டிவி நிகழ்ச்சிக்காக, இந்த நல்ல பிள்ளைகளுக்கு ஹிப்பி விக் மாட்டிவிட்டுச் சிரிக்கலாம் என்றுதான் நாடகத்தின் தலைப்புப் பாடலான 'ஹேர்' பாட்டைக் கொடுத்தார்கள். ஆனால் அண்ணன்கள் பில்லும் பாபும் அதைத் தயாரித்த விதத்தில் விளையாட்டே இல்லை. குரல் மேல் குரலாக அடுக்கி, அமெரிக்க தேசிய கீதத்தின் முதல் சொற்களைக் கிண்டலடிக்கும் இடத்தில் சட்டென்று வேகத்தை இழுத்துப் பிடிப்பார்கள் பாருங்கள், ஹெட்போனில் கேட்டால்தான் அந்த அழகு புரியும். அவர்களின் இசைத்தட்டு நிறுவனமான எம்ஜிஎம்மோ, குடும்ப இமேஜ் கெட்டுவிடும் என்று முதலில் வெளியிடவே மறுத்தது.

கடைசியில் 1969 மே மாதம் அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டில் 2ஆம் இடம். முதலிடத்தில் யார்? அதே நாடகத்தின் 'அக்வேரியஸ்' பாட்டோடு ஃபிப்த் டைமென்ஷன்! இதையாவது கட்டுரையில் சொல்லியிருக்கலாம்.

நாடகம் நடந்த நியூயார்க் பிராட்வே மேடையில் இருந்த கோபம் இவர்கள் குரலில் இல்லை என்பது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீள முடியைப் பார்த்தாலே முகம் சுளித்த வீடுகளுக்குள் அந்தப் பாட்டைக் கொண்டுபோனது இவர்கள்தானே?