எல்க் மான்களின் இணைசேரும் பருவமும் பௌர்ணமியும்

செப்டம்பர் பௌர்ணமிதான் எல்க் மான்களின் (வட அமெரிக்காவில் வாழும் பெரிய மான் வகை) இணைசேரும் பருவத்தைத் தொடங்கிவைக்கிறது, வேட்டைக்குப் போகும் வாரத்தையும் அதை வைத்தே முடிவு செய்யலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லைங்க. பகல் குறுகக் குறுக மானின் உடலில் ஹார்மோன்கள் மாறுகின்றன. பருவத்தைத் தொடங்கிவைப்பது அதுதான்.

பழைய நாட்காட்டிகளை எடுத்து நீங்களே சரிபார்க்கலாம். அமெரிக்க நேரப்படி செப்டம்பர் பௌர்ணமி 2023இல் 29ஆம் தேதி, 2024இல் 17, 2025இல் 7. மூன்று வாரம் முன்னே வந்துவிட்டது. நிலவு காரணமென்றால், சுமார் எட்டரை மாதச் சினைக்குப் பின் பிறக்கும் கன்றுகளும் அதே அளவு முந்தியிருக்க வேண்டுமே? அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் அவை வழக்கமாக மே கடைசியிலும் ஜூனிலும்தான் பிறக்கின்றன; பூங்காவின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

நிலா வெளிச்சத்தில் மான் கூடுதலாக மேயுமா என்பது வேறு கேள்வி.